விடை முந்தி, வினா பிந்தி!

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திலே வழிபாடு முடிகிறது. கடைக்காரர், கணக்கர், செவிலி, இல்லத்தரசி - இவர்கள் வீடு திரும்பவில்லை. பக்கத்து வகுப்பறைக்குச் செல்கின்றனர். கையிலே கனத்த ஏடு. கடவுளின் இயல்பு யாது, பாவம் எப்படி வந்தது, மீட்பு எவ்வாறு கிட்டும் - இவை பாடங்கள். வாரந்தோறும் நடக்கும் வகுப்பு! அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றிலே காணும் காட்சி இது.

அவ்வகுப்புகளுக்குப் பயன்படும் ஏடுகளிலே பெயர்பெற்றது, வேய்ன் குரூடெம் 1994இல் வெளியிட்ட 'முறைமை இறையியல்'. 57 அதிகாரங்கள்; ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். ஆசிரியர், ஹார்வர்டில் பொருளியல் பயின்றவர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல் நகரத் திருச்சபையிலே சாதாரண மக்களுக்கு வகுப்பும் நடத்தியவர். ஒரு பொருள் பற்றிப் பைபிள் முழுவதும் இன்று நமக்கு என்ன கூறுகிறது என்று தொகுத்து வகுத்துரைப்பதே முறைமை இறையியல் - இது அவர் தரும் இலக்கணம்.

'மத ஏடுதானே!' என்று எள்ளி நகைத்து ஒதுக்கிவிடலாமா? கூடாது என்போம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிய பிறகே பழுது காட்டும் உரிமை நமக்கு உண்டு.

வேதத்தைச் சூத்திரன் கேட்டால் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்ற தரும சாத்திரத்தின் நிழலிலே வாடியவர்கள் நாம். இங்கோ, பாமரனை அழைத்து, அமரவைத்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறி, மாற்றுக் கருத்தினரின் வாதங்களையும் எடுத்துக்காட்டிக் கற்பிக்கின்றனர். புதிய வழக்கமுமன்று. மார்ட்டின் லூதர் 1529இல் எளியோர்க்கென வினாவிடை ஏடு எழுதினார். 1578இல் கொல்லத்திலே தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கூட, சாமானியருக்குக் கோட்பாட்டைக் கற்பிக்க வந்த சிறு நூலே! கல்வியைப் பூட்டிவைத்தவரினும் பகிர்ந்தளித்தவர் மேலானவர். ஐயமில்லை.

ஆயின், பழுது எங்கே? பைபிள் உண்மையானது, பைபிள் கூறும் கடவுள் இருக்கிறார் - இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டே எழுதுகிறேன் என்று முதல் அதிகாரத்திலேயே ஆசிரியர் கூறிவிடுகிறார். நேர்மைதான்! ஆனால் கடவுள் உண்டா என்ற கேள்வி 9ஆம் அதிகாரத்திலேதான் தலைகாட்டுகிறது. அதற்கு முன், அவருடைய வார்த்தைக்கு எத்துணை அதிகாரம் என்பது பற்றியே பாடங்கள்! பேசியவர் உண்டா என்று கேட்குமுன், பேச்சுக்குப் பணி என்கிறது நூல். விடை முந்திவிட்டது, வினா பின்னால் ஓடிவருகிறது. அதிகார இறுதியிலே வினாக்கள் உண்டு. அவையும் பாடத்தை வாழ்விலே பொருத்திப் பார்ப்பதற்கென்றே அமைந்தவை. பள்ளியிலே பாடம் நடத்தும் நாம் அறிவோம்: பயிற்சிக்காகக் கேட்கும் வினா வேறு; உண்மையைத் தேடிக் கேட்கும் வினா வேறு.

இது ஏட்டளவில் நிற்கும் குறையா? இல்லை, இல்லத்துக்குள்ளும் நுழைகிறது. மணவிலக்குக்கு இரண்டே காரணங்கள் - பிறர்மனை உறவு, கைவிட்டுச் செல்லுதல் - என்று பல்லாண்டு கற்பித்தவர் குரூடெம். கணவனின் கொடுமை அப்பட்டியலிலே இல்லை. 2019இல் அவர் கருத்து மாறிற்று. கொடுமைக்கு ஆளானோரின் துயர நிலைகளை அறிந்து உள்ளம் நொந்தார், மீண்டும் ஆராய்ந்தார். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்திலே, 'அத்தகைய நிலைகளில்' எனப் பொருள்படும் கிரேக்கத் தொடர் ஒன்று உண்டு. பழங்கிரேக்க நூல்களிலே அது வழங்கிய இடங்களையெல்லாம் தேடினார். கொடுமையையும் அத்தொடர் உள்ளடக்கக்கூடும் என்று முடிவு கண்டார்.

மாறினார், வரவேற்கிறோம். மனமிரங்கினார், வணங்குகிறோம். ஆனால், அடிபட்டவளின் கண்ணீர் மட்டும் போதவில்லையே! கிரேக்க இலக்கணம் சாட்சி சொல்லவேண்டியிருந்ததே! அச்சொற்றொடர் வேறு பொருள் தந்திருந்தால், அவள் கதி என்ன?

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, மணவிலக்கு உரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தது. எந்த மொழியின் எந்தத் தொடரையும் புரட்டிப் பார்த்தன்று. பெண்ணும் மனிதப் பிறவி என்ற ஒரே நியாயத்தை நம்பி!

இதைக் கூறிப் பெருமிதங்கொள்ளும் தோழர்களே, ஒரு சொல். அவர்கள் வாரந்தோறும் கூடுகின்றனர்; 57 அதிகாரங்களைப் பொறுமையாய்ப் பயில்கின்றனர். நம் படிப்பகங்களிலே என்ன நடக்கிறது? 'பெரியார் சொன்னார்' என்றவுடன் நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறதென்றால், அங்கும் விடைதான் முந்துகிறது! நான் சொல்வதையும் ஆராய்ந்து பார் என்றவருக்கு அது நன்றியாகுமா?

அவர்களிடமிருந்து வகுப்பைக் கற்போம். வாரம் தவறாத உழைப்பைக் கற்போம். அவ்வகுப்பிலே அவர்கள் பின்னுக்குத் தள்ளிய வினாவை, நாம் முதற்பாடமாக வைப்போம்!