எந்தூரு சாமி நீ?

கோபிசெட்டிபாளையம் பக்கம் லீவுக்கு வந்திறங்கும் பேரனிடம் அப்புச்சி விளையாட்டாகக் கேட்பார்: "எந்தூரு சாமி நீ?" டல்லாஸில் பிறந்த பையன் முழிப்பான். தமிழ் வராத பேரன், இங்கிலீஷ் வராத அம்மிச்சி, கடைசியில் இருவருக்கும் கொஞ்சம் கண்ணீர். வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளைப் பற்றிய நம் சிறுகதைகள் பலவும் இந்தத் திண்ணையைத் தாண்டுவதில்லை.

இவை பொய்க் கதைகள் அல்ல. ஆனால் மொழி வந்துவிட்டால் ஊரும் வந்துவிடும் என்று நம்புகின்றன. குடியுரிமை என்ற சங்கதியை ஏக்கமாகச் சுருக்கிவிடுகின்றன. ஜும்பா லஹிரியின் 'தி நேம்சேக்' (2003) நாவலில் அமெரிக்காவில் பிறந்த கோகோலின் சிக்கல் அவன் பெயரில் இருக்கிறது. அம்மாவின் பாட்டி கல்கத்தாவிலிருந்து பெயர் எழுதி அனுப்பிய கடிதம் வந்து சேரவே இல்லை. சொத்து அந்த நாவலின் பிரச்சினை அல்ல, அதனால் அதற்குப் பெயர் போதும்.

கொங்கு நாவலுக்கு அது போதாது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நினைவிருக்கிறதா? விதவையான நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் கேட்பது பாசத்தை அல்ல, பாகத்தை. அது கொலையில் போய் முடிகிறது. பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) நாவலில் நிலம் போனதும் குடும்பமே குலைகிறது. இங்கே 'நம்மூரு' என்றால் காடும் தோட்டமும் வரப்பும் சேர்ந்ததுதான். ஊர்க்காரன் என்பவன் பங்கு கேட்கக்கூடியவன்.

சட்டத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். துபாயில் பிறந்த குழந்தைக்கு அந்த நாடு குடியுரிமை தருவதில்லை. ஊரையே பார்க்காவிட்டாலும் அது இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளர்கிறது. டல்லாஸ் குழந்தை பிறந்ததுமே அமெரிக்கக் குடிமகன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005 முதல் ஓசிஐ அட்டை தருகிறது. அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் வரலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கும் நிலம் வாங்கத் தடை உண்டு, ஆனால் அவனுக்கு ஓட்டுரிமை இருக்கிறது.) வாரிசாக மட்டும் நிலம் வரலாம்.

ஆக, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் அப்புச்சியின் வயல் அவர் இறந்தபின் அந்தப் பையனுக்கு வரலாம். பக்கத்து வயல் விலைக்கு வந்தால் அவனால் வாங்க முடியாது. பிற்பாடு விற்க நினைத்தாலும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசும் எந்த வேட்பாளருக்கும் அவன் ஓட்டு கிடையாது. நிலம் உண்டு, குரல் இல்லை.

இதுதான் எழுதப்படாத கதை. அதில் பையனுக்குத் தமிழ் சரளமாகவே வரட்டும். 'ஏனுங்க மாமா' என்றுகூடப் பேசட்டும். அப்போதும் சிக்கல் தீராது என்பதுதான் விஷயம். பண்ணையம் பார்க்க ஆளில்லாமல் ஊரில் விற்கச் சொல்வார்கள்; அவன் விற்க மாட்டேன் என்பான். "ஓட்டே இல்லாத உனக்கு எதுக்குடா காடு?" என்று பங்காளி ஒருவர் கேட்பார். நாகம்மாளை எதிர்கொண்ட கேள்வி ஏறக்குறைய இதேதான்: நீ இந்த வீட்டு ஆளா?

நம் கதாசிரியர்கள் அம்மிச்சியின் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் கொஞ்சம் கையில் எடுக்கலாம். அப்புச்சி விளையாட்டாகக் கேட்டதைப் பங்காளி கேட்கும்போதுதான் நாவல் தொடங்குகிறது.