பட்டாவில் ஏறிய பெயர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை சோழமண்டலக் கரையை வாரிச் சுருட்டியபோது, ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்த ஆண்கள் பலர் படகுக்கடியில் அலை கடந்து சென்றதையே அறியாமல் உயிர் தப்ப, வந்திறங்கும் மீனை ஏலம் எடுக்கக் கூடையோடு கரையில் காத்திருந்த பெண்கள் கூடையோடேயே போயினர். கடலூர் மாவட்டத்துத் தேவனாம்பட்டினத்தில் ஆண்கள் 21 பேரும் பெண்கள் 42 பேரும் மாண்டதாக ஆக்ஸ்பாம் நிறுவனம் பதிவு செய்தது. குழந்தையைத் தூக்க வீட்டுக்குள் ஓடியவர்களும் நீந்தத் தெரியாதவர்களும் அந்தத் தொகையில் அடக்கமென்றாலும், ஜீவனத்துக்காக நின்ற இடத்திலேயே பலருக்கு மரணம் சம்பவித்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதன்பின் வந்த புனர்நிர்மாணத்தில், புதிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்வதென்று தமிழக அரசு 2005இல் வகுத்த விதியை நான் மனமாரப் போற்றுகிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரு சாண் நிலமும் தன் பெயரில் இல்லாதிருந்த பெண்ணுக்கு, கணவன் குடித்து அழித்தாலும் தன்னைக் கேளாமல் வீட்டை விற்க முடியாது என்ற ஸ்திரமான உரிமையை அது அளித்தது. வாதப் பிரதிவாதமின்றி ஏற்கத்தக்க நன்மை இது.

ஆனால் வீட்டைவிட்டு வெளியே வந்தால் அந்த விதியின் வெளிச்சம் மங்கிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் பலவற்றில் நிவாரணம் 'தலைக்கட்டு'க் கணக்கை அனுசரித்தே பங்கிடப்பட்டது. தலைக்கட்டு என்றால் மணமான ஆண். அந்தக் கணக்கை வைத்திருப்பது மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்து. அதில் பெண்ணுக்கு ஸ்தானம் இல்லை. ஆகவே விதவையும் கணவனால் கைவிடப்பட்டவளும், சேதத்தில் முழுப் பங்கு பெற்றிருந்தும், உதவியில் பாதியோ வெறுங்கையோ பெற நேர்ந்தது. அவசரத்தில் ஊரின் பழைய ஏற்பாட்டைப் பயன்படுத்தியதால் அரிசியும் பாயும் விரைந்து சேர்ந்தன என்பது மெய். பழைய அநீதியும் அதே வண்டியில் சேர்ந்து வந்தது.

தொழிலின் கதை இன்னும் வேதனையானது. மீன் விற்பவளின் ஆஸ்தி என்ன? ஓர் அலுமினியச் சட்டி, ஒரு கூடை, ஓர் அரிவாள்மணை, ஏலத்தில் போட வட்டிக்கு வாங்கிய முதல். அலை இவை அனைத்தையும் கொண்டுபோய்விட, கடன்காரன் மட்டும் மிஞ்சினான். படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் நஷ்டஈடு நிர்ணயித்த அதிகாரிகளும், போட்டியிட்டுப் படகு வழங்கிய தொண்டு நிறுவனங்களும், பிடித்த மீனைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் பணமாக்கும் அவளை மீனவர் மனைவி என்று எழுதினரே ஒழிய, மீன்தொழிலாளி என்று பெரும்பாலும் எழுதவில்லை. பின்னர் சுயஉதவிக் குழுக்களின் மூலம் அவளுக்குக் கிடைத்ததிலும் பெரும்பகுதி கடனே; ஆணுக்கு இழப்பீடும் பெண்ணுக்குக் கடனும் என்பது சமத்துவம் ஆகாது.

இலங்கையின் மட்டக்களப்பை நோக்கினால், ஆணையே கணக்கில் கொள்ளும் இப்பிழையின் வேர் தெளிவாகும். அங்கே தாய் மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். சுனாமிக்குப்பின் 'குடும்பத் தலைவர்' என்று ஆணைக் குறித்துக்கொண்டு வீடு வழங்கியபோது, பெண்களில் பலர் வழிவழியாக வந்த உரிமையையே இழந்தனர். தமிழகத்தில் புதிதாகப் பெற்றதை மட்டக்களப்பில் பழையதாகப் பறிகொடுத்தனர். எங்கோ வகுத்த ஒரே அச்சுப் படிவம், அந்தந்தக் கரையின் வாழ்க்கையை விசாரியாமல் நிரப்பப்பட்டதன் விளைவு இது.

அலை ஓய்ந்தபின் கணக்கெடுப்பது காலங்கடந்த காரியம். மீன் விற்கும் பெண்களின் பெயரையும் முதலையும் தொழிற்கருவிகளையும் ஊர்தோறும் இப்போதே பதிவேட்டில் ஏற்றுங்கள். அதை எழுதப் போகிறவர்கள் பஞ்சாயத்தார் வீட்டுத் திண்ணைக்கு அல்ல, ஏலம் நடக்கும் விடியற்காலையில் கரைக்குப் போகட்டும்.