சவிட்டு நாடகத்தின் தமிழ்: கொச்சிக் கடற்கரை அரங்கில் பாட்டும் மிதியும்

முன்னுரை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்த மரபில், நாடகத் தமிழின் வரலாறு பெரும்பாலும் தமிழகத்து எல்லைக்குள்ளேயே எழுதப்பட்டு வந்துள்ளது. ஈழத்துக் கூத்துகள் அவ்வரலாற்றில் ஓரளவு இடம்பெற்றன. கேரளக் கடற்கரையின் இலத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் சவிட்டு நாடகம் அவ்வாறு இடம்பெறவில்லை. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி ஆகிய பகுதிகளிலும் வடக்கே கோதுருத்திலும் வழங்கும் இவ்வரங்கின் பழைய சுவடிகள் தமிழிலோ, தமிழும் மலையாளமும் விரவிய நடையிலோ அமைந்தவை. பாடுவோரும் கேட்போரும் மலையாளிகள். தாய்மொழியல்லாத ஒரு மொழியின் செய்யுளை ஓர் ஊர் தன் திருவிழா மேடையில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருவது எவ்வாறு இயன்றது? அம்மொழியை நீக்கிவிட்டால் நாடகத்தில் இழக்கப்படுவது யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் வந்த வழி

'சவிட்டு' என்பது மிதித்தலைக் குறிக்கும் மலையாளச் சொல். குமரி மாவட்டப் பேச்சுத் தமிழிலும் அது வழங்குகிறது. இந்நாடக மரபினர் தம் முதலாசிரியராகச் சின்னத்தம்பி அண்ணாவியைப் போற்றுவர். அவர் தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. அவரது காலத்தை உறுதிப்படுத்தச் சான்றுகள் போதா எனினும், 'அண்ணாவி' என்னும் சொல்லே ஒரு சான்றாக நிற்கிறது. ஆசிரியரைக் குறிக்கும் இச்சொல், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பயிற்றுவிப்போரை 'அண்ணாவியார்' என மதித்து அழைக்கும் வழக்கோடு ஒத்துள்ளது.

தமிழ் இக்கடற்கரைக்குக் கூத்தின் வழியாக மட்டும் வந்ததன்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அடுத்த ஆண்டே, 1579இல், என்றீக்கு அடிகளாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சேறியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1679இல், அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அம்பழக்காட்டில் வெளிவந்தது. தமிழின் தொடக்ககால அச்சு நூல்கள் இன்றைய கேரள மண்ணில் உருவாயின என்பதை அச்சு வரலாற்றார் நன்கறிவர். நாடக வரலாற்றார் அதனைப் போதிய அளவு கருதிப் பார்க்கவில்லை. மறையைக் கற்பிக்கத் தமிழைக் கையாண்ட திருச்சபைச் சூழலில், மறைசார் வீரக்கதைகளைப் பாடவும் தமிழ் கைகொடுத்தது இயல்பேயாகும். எனவே இச்சுவடிகளின் நடையை 'மலையாளத்தால் கெட்ட தமிழ்' என்றோ 'தமிழால் கெட்ட மலையாளம்' என்றோ மதிப்பிடுதல் பொருந்தாது.

இத்தகைய நிலை சவிட்டு நாடகத்துக்கு மட்டும் உரியதன்று. பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக் கூத்தில் கம்பனின் பாடல்களைப் புலவர்கள் பாடி, மலையாளம் கலந்த தமிழில் விளக்கி வருகின்றனர். அது பகவதி கோயில் சார்ந்த கலை. இது தேவாலயம் சார்ந்த கலை. சமயம் வேறாயினும் செய்யுளின் மொழியாகத் தமிழே நிற்கிறது.

கதையும் களமும்

இம்மரபில் பெரும்புகழ் பெற்றது 'காறல்மான் சரிதம்'. பிரெஞ்சு நாட்டுப் பேரரசன் சார்லமேன், அவன் வீரன் ரோல்தான், பன்னிரு பெருவீரர் ஆகியோரின் கதை போர்த்துக்கீசியரோடு கடல் கடந்தது. ஆப்பிரிக்கக் கரைக்கப்பால் சாவோ தோமே தீவில் 'சிலோலி' என்னும் ஆட்டமாகவும், பிரின்சிப்பே தீவில் 'புளோரிப்பெஸ்' நாடகமாகவும் சார்லமேன் கதை இன்றும் ஆடப்படுகிறது. போர்த்துக்கீசியர் கொண்டுசென்ற கதை அத்தீவுகளில் போர்த்துக்கீசிய மொழியிலேயே தொடர்ந்தது. கொச்சிக் கரையிலோ அக்கதை தமிழ்ச் செய்யுளுக்குள் புகுந்து, கட்டியக்காரனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. கதை அயலது, அரங்க இலக்கணம் நம் கூத்து மரபுக்கு உறவானது.

பாட்டும் மிதியும்

சவிட்டு நாடகத்தின் மேடை பலகையால் அமைந்த தட்டு. ஆடுவோர் பாட்டின் தாளத்துக்கேற்ப அப்பலகையை ஓங்கி மிதிக்க, மேடையே ஒரு தாளக் கருவியாகிறது. இங்குச் செய்யுளின் ஓசை செவிக்கு மட்டுமன்றிக் காலுக்கும் உரியது.

தமிழின் இன்றியமையாமை இவ்விடத்தேதான் புலப்படுகிறது. தமிழ் வினைமுற்று, திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியை இறுதியில் பெறும். 'வந்தேன்', 'வந்தான்', 'வந்தார்' என்பன தம்முள் வேறுபடும். இன்றைய மலையாள வினைமுற்றில் அவ்விகுதிகள் இல்லை. 'வந்நு' என்னும் ஒரே வடிவம் எல்லாவற்றுக்கும் பொதுவாகிறது. கூத்து மரபில் பாத்திரம் மேடையேறித் தன்னைத் தானே அறிவிக்கும் வருகைப் பாட்டு முதன்மையானது. தன்மை விகுதியே அங்கு அரசனின் பெருமிதத்தைத் தாங்குகிறது. மேலும் ஏன், ஆன், ஆர் முதலிய நெடில் விகுதிகள் அடியிறுதியில் இயைபாக அமைந்து, மிதி விழுதற்குரிய இடத்தை வகுத்துத் தருகின்றன. பாடலை மலையாளமாக்கும்போது பொருள் தெளிவாகலாம்; அடியின் முடிவோசையும் பாத்திரத்தின் தற்கூற்றுத் தன்மையும் தளர்கின்றன. ஆகவே தமிழ் இந்நாடகத்துக்கு மேற்போர்த்த அணியன்று; யாப்போடும் அடவோடும் பிணைந்த உறுப்பு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

'பொருள் புரியாத பாட்டால் பயன் யாது?' என்னும் வினா எழுதல் இயல்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்னர் இம்மக்கள் ஆலயத்தில் இலத்தீனையும், மேடையில் தமிழையும், வீட்டில் மலையாளத்தையும் கேட்டு வாழ்ந்தவர்கள். சொல்தோறும் பொருள் தெரியாமை அவர்தம் ஈடுபாட்டுக்குத் தடையாகவில்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரனை ஒத்த கட்டியக்காரன், நகைச்சுவையோடு கதையை விளக்கி, செய்யுளுக்கும் அவைக்கும் இடையே பாலமாக நின்றான். அரசரும் வீரரும் உயர்ந்த தமிழில் பாட, அவன் அவையோரின் பேச்சுமொழியில் நிற்பதால், மொழி வேறுபாடே அரங்க உத்தியாகவும் ஆயிற்று.

இன்றைய நிலை

சபீனா ராஃபி 1964இல் வெளியிட்ட 'சவிட்டு நாடகம்' என்னும் மலையாள ஆய்வு, இக்கலையைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தது. 2012–13 கல்வியாண்டில் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் இது போட்டிக் கலையாகச் சேர்க்கப்பட்டபின், கடற்கரைச் சமூகத்துக்கு வெளியேயும் மாணவர் இதனைப் பயிலலாயினர். புதிய நாடகங்கள் மலையாளத்திலும் எழுதப்படுகின்றன. இவை வரவேற்கத்தக்கனவே, ஒரு கலை உயிரோடிருப்பதற்கு இளையோரின் கால்கள் வேண்டும்.

ஆயினும் பல இரவுகள் நீண்ட நாடகம், போட்டியின் குறுகிய காலத்துக்குள் அடங்கும்போது எஞ்சுவது ஆட்டத்தின் விரைவும் உடையின் பொலிவுமேயாகும். செய்யுள் விரிவதற்கும் கட்டியக்காரன் விளக்குவதற்கும் இடம் குறைகிறது. விளக்குவோன் ஒடுங்கியபின் தமிழ்ப்பாட்டு வெற்றோசையாகிவிடும் இடர் உண்டு. இலத்தீன் வழிபாட்டுக்குத் திருத்தமான அச்சு நூல் இருந்தது. இச்சுவடிகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. பாடுவோன் பிழைபடக் கேட்ட சொல் அடுத்த படியில் பாடமாகிவிடும். அவ்வாறு சில தலைமுறை கடந்தால், யாப்பை மீட்டெடுத்தல் அரிதாகும்.

முடிவுரை

ஈழத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' முதலிய கத்தோலிக்க நாடகங்களைப் பதிப்பித்தார். நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுசென்ற அவரது பணியில், பதிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்கின. சவிட்டு நாடகத்துக்கும் அத்தகைய பணி வேண்டும். மலையாள எழுத்தில் படியெடுக்கப்பட்ட சுவடிகளைத் தமிழ் எழுத்திலும் பெயர்த்து, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் பதிப்பித்தல் முதற்கடமை. வல்லெழுத்துகளின் ஒலிப்பு வேறுபாட்டை மலையாள எழுத்து தனித்தனியே காட்டுமாதலின், பாடுவோரின் ஒலிப்பை அறிய அப்படிகள் அரிய சான்றாகும். அவற்றைச் 'செந்தமிழாக'த் திருத்திவிடுதல் சான்றை அழிப்பதாகும். மூத்த ஆசான்களின் பாட்டை மிதியோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்தல் அடுத்த கடமை. பாடவேறுபாடு எழுமிடத்து, எப்பாடம் தாளத்தில் பொருந்துகிறது என்பதை அப்பதிவே காட்டும்.

இப்பணி கேரளத் தமிழ்த் துறைகளும் மலையாளத் துறைகளும் இணைந்து செய்தற்குரியது. கொச்சிக் கடற்கரை மக்கள் தமக்குத் தாய்மொழியல்லாத தமிழைப் பாடிக் காத்தனர். அதனைப் படித்துக் காக்கும் பொறுப்பு தமிழாய்வாளரைச் சார்ந்தது.