அடிமாவு

வடகறியைப் பற்றிச் சைதாப்பேட்டைக்காரர்கள் பேசட்டும். ஆப்பத்துக்கு ராயபுரத்துக்காரனைக் கேளுங்கள். முறுகலான ஓரத்தையும் தேங்காய்ப்பாலையும் புகழ நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அடிமாவுதான் முக்கியம்.

காசிமேட்டுக்குப் போகும் சந்து ஒன்றில் கடை போட்டிருந்த ஆயா, வியாபாரம் முடிந்ததும் மண்கலயத்தின் அடியில் இரண்டு கரண்டி மாவை விட்டுவைப்பாள். சாயங்காலம் அரைத்த மாவு அதன் மேல்தான் விழும். கலயத்துக்குள் தண்ணீர் படவே படாது. "அத்தக் கழுவினா நாளிக்கு ஆப்பம் சட்டில குந்திக்கும்" என்பாள். உள்சுவரில் காய்ந்து படிந்த வெள்ளைப் பொருக்கும் கணக்கில் சேர்ந்ததுதான்.

பனையேறிகளுக்கும் தெரிந்த சங்கதி இது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர்; தடவாத பழங்கலயத்தில், ஒட்டியிருக்கும் பழைய ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். நார்வேப் பண்ணை வீடுகளில் மரவளையத்தைப் பீர் நுரையில் தோய்த்து உலர்த்தி, அடுத்த காய்ச்சலுக்கு மாட்டி வைத்தார்கள். 1883-ல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் ஹான்சன் என்ற ஆய்வாளர் ஒற்றைச் செல்லிலிருந்து ஈஸ்ட் வளர்த்துக் காட்டினார்; பீர் ஆலைகளுக்கு அது வரம். ஆப்பத்துக்கு ஈஸ்ட் தனியே போதாது, புளிக்க வைக்கும் பாக்டீரியாவும் கூட வேண்டும்.

கள் ஊற்றாதது ஆப்பமே இல்லை என்று சாதிக்கும் பெரியவர்கள் உண்டு. கள்ளின் வாடை தனிதான், மறுக்கவில்லை. ஆனால் 1987-லிருந்து இங்கே கள்ளுக்குத் தடை. தவிர, கள் ஒருநாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. தீனி போட்டு வந்தால் அடிமாவு அப்படிக் குணம் மாறாது.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலே சாம்பல் நிறத்தில் பிரிந்து நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, அடியிலிருந்து ஒரு கரண்டி எடுங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியும் ஒரு கைப்பிடி புதுமாவும் சேர்த்துக் கையால் கலக்குங்கள். முதல் தடவை காடி நெடிதான் வரும், குமிழி ஒன்றிரண்டே தெரியும். அதை நம்பி மொத்த மாவையும் கொட்டாதீர்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுபடி தீனி போட்டால், ஓரத்திலிருந்து நடுவரைக்கும் பொடிக்குமிழி எழும்பி, பழுத்த வாழைப்பழ வாசனை வரும். சித்திரையில் மத்தியானத்துக்குள் ஆகிவிடும். மார்கழியில் ராத்திரி முழுக்கப் பொறுக்க வேண்டும். பூஞ்சையோ சிவப்போ தெரிந்தால் மட்டும் குப்பைக்குப் போகட்டும்.

இப்போது இட்லி மாவில் தண்ணீர் விட்டு, சோடா உப்பைத் தட்டி, ஆப்பம் என்கிறார்கள். சோடா உள்ள புளிப்பையும் முறித்துவிடும். அளவு கூடினால் நடுப்பகுதி மஞ்சளிக்கும், நாக்கில் சோப்பு வாடை அடிக்கும். பாக்கெட் ஈஸ்ட்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள்: "பீர், ரொட்டி, கள்ளு எல்லாத்துலயும் அதே சாக்கரோமைசீஸ் செரிவிசியேதானே சார்?" இனம் பெரும்பாலும் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆப்பத்தைப் பாயாவில் ஒருமுறை முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வழியிலேயே பிய்ந்து கிண்ணத்தில் விழும்.