எஸ்.பி. ரோடும் யூனிட்டி பிளாசாவும்

"உங்கட இந்தியாவில ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு கடையில பொறுக்கித்தானே கொம்பியூட்டர் பூட்டுறியள், அதுக்கு ஆர் பொறுப்பு?" என்று கொழும்பில் என் மனைவி வழி உறவினர் ஒருவர் கேட்டார். மனைவி வீட்டுக்காரர் என்பதால் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பொறுக்கி வாங்குவதுதான் எங்கள் பலம். பெங்களூரு ஜீவனஹள்ளிப் பையன்கள் கேமிங் பிசி சேர்ப்பது அப்படித்தான். பஸ் பிடித்து மார்க்கெட் பக்கம் இறங்கி, எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக விலை கேட்பார்கள். கையில் காசு குறைவென்றால் ரைசன் 5 5600ஜி ப்ராசசர் போதும். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 16 ஜிபி ராம் ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். கிராபிக்ஸும் அதே மெமரியைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு சேனலிலும் தரவு ஓடினால்தான் கேம் தடங்கலில்லாமல் போகும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். எங்கள் தெருவில் இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ப்ராசசர் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விட்டால் தானே உட்காரும். அழுத்தினால் அதன் பின்கள் வளையும். தன் கையால் பூட்டியவனுக்குத்தான் இது தெரியும்.

கொழும்பில் நான் பார்த்த மட்டில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைக்காரரே பூட்டி, ஓட்டிப் பார்த்துத் தருகிறார். நாங்கள் கேபினட் என்பது அங்கே கேசிங், எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஒரு கணம் யோசித்து "பவர் சப்ளையா?" என்கிறார்கள். செகண்ட் ஹாண்ட் அங்கே 'பாவிச்ச' சாமான். எது பழுதானாலும் விற்ற கடைக்கே கொண்டுபோனால் போதும் என்றார்கள். அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. இங்கே ராமுக்கு ஒரு சர்வீஸ் சென்டர், போர்டுக்கு இன்னொன்று என்று அலைய வேண்டும். ஆனால் பில் கையில் இருந்தால் கம்பெனியே மாற்றித் தருகிறது. கடை மூடினாலும் வாரண்டி மூடுவதில்லை.

இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022-ஐயும் நினைக்க வேண்டும். டாலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 350-ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த நிலைமையிலும் பழைய கிராபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு விளையாடிய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றுபோக, மைனிங்கில் ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதைப் பிரித்தெடுக்க, காசு கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் தமிழிலும் கன்னடத்திலும் தக்னி உருதுவிலும் பேசி, கடைக்காரரை அதற்குச் சம்மதிக்க வைக்கிற எங்கள் பையனைப் பொறுக்கி என்று யாரும் நினைக்கக் கூடாது. அவன் கெட்டிக்காரன்.