தேர்க்காலில் ஒரு மகன்

ஐஸ்லாந்து கிறித்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1220 வாக்கில், ஸ்நோரி ஸ்டர்லூசன் அந்நாட்டின் பழைய தெய்வக் கதைகளைத் தொகுத்தார். அவற்றில் தேவர் தலைவன் ஓடின், மிமிரின் கிணற்றில் ஒரு வாய் நீருக்காகத் தன் கண்ணையே கொடுத்து ஞானம் பெற்றவன். ஆனால் மகன் பால்டரின் சாவை அந்த ஞானத்தால் தடுக்க முடியவில்லை. எல்லோரும் அழுதால் மகன் மீள்வான் என்றாள் பாதாளத்தின் தலைவி. ஒரே ஒரு அரக்கி அழ மறுத்தாள். அதோடு போயிற்று.

திருவாரூர்க் கதையில் மகனைக் கொல்பவனே தகப்பன்தான். கன்றைக் கொன்ற தேர், மணியடித்த பசு, மகன்மேல் தேரோட்டிய மன்னன் மனுநீதிச் சோழன்: இதை அறியாத தமிழர் குறைவு. மக்கள் குறைகேட்க அரசு நடத்தும் முகாமுக்குக்கூட மனுநீதி நாள் என்றுதான் பெயர். ஆனால் கதை ஒன்றாக இல்லை. சிலப்பதிகாரத்தில் கணவன் கொலைக்கு நீதி கேட்டுப் பாண்டியன் முன் நிற்கும் கண்ணகி அந்த மன்னனைத் தன் புகார் நகரத்தவனாகச் சொல்கிறாள். இலங்கையின் மகாவம்சமோ சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தை 44 ஆண்டு ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. இரண்டிலும் மகன் பிழைப்பதில்லை. திருவாரூரில் இது நடந்ததாக விரித்துப் பாடியவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். பெரியபுராணத்தில் சிவன் தோன்ற, கன்றும் மகனும் அமைச்சனும் எழுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது கண்ணகி சொல்வதுதான். செத்தவன் எழுந்துவிட்டால் பாண்டியன்மேல் அவள் வைக்கும் வழக்கு தளர்ந்துபோகும். ஆனாலும் சேக்கிழாரின் பேரறிவு அற்புதத்துக்கு முந்தைய வாக்குவாதத்தில் இருக்கிறது. அந்தணர் விதித்த பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். வேறொருவன் மகன் செய்திருந்தால் இதே யோசனை சொல்வீர்களா என்கிற பொருளில் மன்னன் மடக்குகிறான். நியாயம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. மீதி நிறைவேற்றம்தான்.

நிறைவேற்றச் சொல்லி அமைச்சன் ஒருவனை ஏவுகிறான். ஆணையை மீறவும் முடியாது, இளவரசனைக் கொல்லவும் மனம் வராது. அவன் தன் உயிரை விடுகிறான். பிறகே மன்னன் தானே தேரேறுகிறான். ஐஸ்லாந்துக் கதையிலும் இப்படி ஒருவன் உண்டு. பென்ரிர் என்னும் ஓநாயைக் கட்டத் தேவர்கள் சூழ்ச்சி செய்தபோது, அதை நம்பவைக்க அதன் வாய்க்குள் கை வைத்தவன் டீர். கட்டு இறுகியதும் மற்றவர்கள் சிரித்தார்கள். டீர் சிரிக்கவில்லை, அவன் கை போயிற்று. பிறர் எடுத்த முடிவுக்குத் தன் உடம்பால் விலை கொடுத்தவர்கள் இருவரும். ஆயினும் திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே நிற்கும் கல்தேரைக் காட்டுபவர்கள் அமைச்சனைப் பற்றிப் பேசுவது அபூர்வம்.

விதி விஷயத்தில்தான் பாதை பிரிகிறது. உலகமே அழியப்போகும் கடைசிப் போரில் தோற்போம் என்று தெரிந்தே ஓடினின் படை களம் இறங்குகிறது. பால்டர் மீள்வது அந்த அழிவுக்குப் பிறகுதான். திருவாரூரில் அன்றே எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. இதற்குப் பக்தி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். சோழனின் நாட்டில், சோழர் முன்னோன் ஒருவன் தன் வாரிசைக் கொன்றதோடு கதையை நிறுத்துவது சுலபமாக இருந்திருக்காது.