செவிக்கான பதிப்பு: இணையவழித் தமிழ்ப் பாடங்களும் மாற்றுத்திறனாளிகளும்

இணையவழித் தமிழ்க் கல்வியைப் பற்றி எழுதுவோர், தொலைவு என்னும் தடையை அது நீக்கியமையையே பெரிதும் பாராட்டுகின்றனர். அப்பாராட்டு பொய்யன்று. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) தொடங்கப்பெற்றபோது, கடல் கடந்து வாழும் தமிழரின் பிள்ளைகளே முதற்கண் எண்ணப்பட்டனர். எனினும் தொலைவு உள்ளூரிலும் உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் பார்வையற்ற மாணவி ஒருவர் தமிழ் இலக்கியம் பயில்கிறார் எனக் கொள்வோம். நாள்தோறும் பேருந்தேறிச் செங்கல்பட்டு சென்று வருவதைவிடக் கைப்பேசியில் பாடம் கேட்பது அவருக்கு எளிது. பாடம் அவர் ஊர்வரை வந்துவிட்டது. அவரிடம் வந்து சேர்ந்ததா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இதனைக் கணிப்பொறியாளர் தீர்க்க வேண்டிய சிக்கல் என்று தமிழ்த்துறைகள் ஒதுக்கிவைத்துள்ளன. இதிற் பெரும்பகுதி பதிப்புச் சிக்கல் என்பதே என் கருத்து. ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் சென்ற காலத்தில் ஏடுகளில் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒவ்வோர் இடத்திலும் இன்ன எழுத்து, இங்கே சொல் பிரியும் என முடிவுசெய்தே அச்சுக்குக் கொடுத்தனர். அச்சிலிருந்து குரலுக்குச் செல்லும்போதும் அத்தகைய முடிவுகள் தேவைப்படுகின்றன. அவற்றை இன்று பெரும்பாலும் எவரும் எடுப்பதில்லை. எந்திரம் தன்போக்கில் எடுத்துக்கொள்கிறது.

முதலில் குறியேற்றம். 1999 ஆம் ஆண்டின் தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் முறைகள் கண்ணை மனத்திற்கொண்டு அமைந்தவை. 'பெண்' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு முன்னும் பகரம் பின்னுமாகச் சேமிக்கப்படும். எழுத்துரு இருந்தால் திரையில் குறையில்லை. திரைவாசிப்பானோ எழுத்துருவைக் காண்பதில்லை, குறியெண்ணையே படிக்கும். ஆகவே பாடம் முழுவதும் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாக ஒலிக்கும். ஒருங்குறியில் பகரம் முன்னும் எகரக் குறி பின்னுமாக, ஒலிக்கும் முறையிலேயே சேமிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010 இல் ஏற்றது. அதற்குமுன் பல்வேறு எழுத்துருக்களில் உருவான ஆய்வேடுகளும் பாடக்குறிப்புகளும் மாற்றப்படாத வரையில் செவிக்கு எட்டா.

அடுத்தது மின்னூலகங்கள். அவற்றிலுள்ள பழைய நூல்களிற் பெரும்பாலானவை பக்கங்களின் ஒளிப்படங்களே. பார்வையுள்ளவருக்கு அவை நூல்கள். திரைவாசிப்பானுக்கு ஒவ்வொன்றும் வெற்றுத் தாள். எழுத்துணரியைக் கொண்டு உரையாக்கலாம் என்பர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ணா, றா, னா, லை, னை ஆகியவற்றின் வடிவங்களை, இன்றைய அச்சில் மட்டும் பயின்ற எழுத்துணரி தவறவிடும். மெய்ப்புத் திருத்தத் தமிழறிந்தவர் ஒருவர் வேண்டும். பதிப்புரிமையைக் காரணமாகக் காட்டவும் இயலாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்கென ஏற்ற வடிவில் படியெடுப்பதற்கு விலக்களித்துள்ளது. நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களுக்கோ அவ்விலக்கும் வேண்டுவதில்லை.

உரை கிடைத்த பின்னரே உண்மையான இடர் தொடங்குகிறது. யாப்பைக் காட்டுவதற்காகச் செய்யுளைச் சீர்பிரித்து அச்சிடுவது நம் வழக்கம். சீர் முடியுமிடத்தில் சொல் முடிய வேண்டுவதில்லை. கண் அவ்வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும். குரலோ துண்டைச் சொல்லாக்கி நிறுத்திவிடும். 'மரூஉ', 'மகடூஉ' போன்ற சொற்களின் ஈற்றை எந்திரம் தனி உகரமாகப் பிரித்து ஒலித்தால் இலக்கணப் பாடமே குழம்பும். அபிநயம் பற்றிய பாடத்தில் வரும் 'பாவம்' புண்ணியத்திற்கு எதிரான பாவமாகவே காதில் விழும். சொல்லின் தோளில் ஏறிய அடிக்குறிப்பு எண்ணும் சொல்லோடு சேர்த்துப் படிக்கப்படும். கண்ணுக்குச் சீர்பிரித்த வடிவம், செவிக்குச் சொற்பிரித்த வடிவம் என இரண்டையும் ஒரு பக்கத்திலேயே வைக்கக் கணிப்பொறியால் இயலும். எங்கே பிரிப்பது என்பதை மட்டும் அது அறியாது.

உலக வலைத்தள அணுகல் வழிகாட்டு நெறிகள் இதற்கு உதவுமா? ஓரளவே. அவை ஏ, இரட்டை ஏ, மும்மை ஏ என மூன்று படிநிலைகளை வகுத்துள்ளன. இந்திய அரசுத் தளங்களுக்கான நெறிமுறை இரட்டை ஏ நிலையை வேண்டுகிறது. பலுக்கலால் பொருள் மயங்கும் சொற்களுக்கு ஒலிப்பு முறையைத் தெரிவிக்க வேண்டும் என்னும் விதியோ மும்மை ஏ நிலையில் உள்ளது. அதாவது, செய்யுட் பாடத்திற்கு உயிர்நாடியான ஒன்று கட்டாயத்துக்கு வெளியே நிற்கிறது. எல்லாச் சோதனைகளிலும் தேறிய தளம் ஒன்று, யாப்பிலக்கணத்தைக் கேட்கவொண்ணாதபடி கற்பிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானையும் நிறத்தை மாற்றும் பொத்தானையும் முகப்பில் வைத்துவிட்டு அணுகல் முடிந்தது என எண்ணும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

படங்களுக்கு எழுதப்படும் மாற்றுரையை எடுத்துக்கொள்வோம். பல்லவர் கலை பற்றிய பாடத்தில் மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் படம் இடம்பெறுகிறது. 'படம் 4' என்பது மாற்றுரை ஆகாது. 'அர்ச்சுனன் தபசு' என்று எழுதினால் ஒரு கட்சியையும், 'கங்கை இறங்கும் காட்சி' என்று எழுதினால் மறு கட்சியையும் சார்ந்ததாகும். கற்பவர் தாமே முடிவுசெய்ய வேண்டுமாயின், நடுவே பிளவு, அதில் நாகர்கள், ஒற்றைக்காலில் தவம் செய்பவர், அருகே நான்கு கைகளுடன் நிற்கும் சிவன், பெரிய யானைகள், தவக்கோலத்தில் ஒரு பூனை, அதனருகே எலிகள் எனக் காண்பதைச் சொல்லி, பெயர் பற்றிய கருத்து வேறுபாட்டைத் தனியே குறிக்க வேண்டும். இது கலை விமரிசகரின் பணி. தளத்தை வடிவமைப்பவரிடம் இதனை விட்டுவிடுவது அவருக்கும் நியாயமன்று.

செவித்திறன் குறைந்தோருக்கான வசன வரிகளிலும் மொழித்தேர்வு உண்டு. பேராசிரியர் பேச்சுத் தமிழில் விளக்குகிறார். 'வந்துருக்காங்க' என்பதை அப்படியே இடுவதா, 'வந்திருக்கிறார்கள்' என்று இடுவதா? தமிழை எழுத்து வழியாகவே கற்றவருக்குப் பேச்சுவடிவம் அயன்மையாகலாம். உதட்டசைவைப் பார்ப்பவருக்கு எழுத்துவடிவம் பொருந்தாமற் போகலாம். சைகைமொழியை முதன்மொழியாகக் கொண்டவருக்கு இரண்டும் போதா. இதில் ஒற்றை விடை இல்லை என்றே நினைக்கிறேன். பாடந்தோறும் தெரிந்து செய்ய வேண்டும். விரல்களை எளிதில் இயக்க இயலாதவர்களுக்கு இழுத்துப் பொருத்தும் வினாக்களும் கால வரையறையும் தடையாவது வெளிப்படை. அவற்றை மாற்றுவதும் கடினமன்று.

சட்டம் தெளிவாகவே உள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்கிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் எண்ணிம அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே கண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். ஆனால் நீதிமன்றம் சந்தி பிரித்துத் தராது.

கருங்குழி அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, முட்டுக்காட்டுக் கடற்கரையில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. தமிழ்த்துறை ஒன்று அந்நிறுவனத்தோடு அமர்ந்து, பார்வையற்ற மாணவர்கள் கேட்டுத் திருத்த, ஒரே ஒரு செய்யுட் பாடத்தைச் செவிக்கெனப் பதிப்பித்துப் பார்க்கலாம். திரைவாசிப்பான் எளிதிற் கிடைக்கிறது, என்விடிஏ இலவசம். பழைய பதிப்புகளின் முகவுரையில், ஒப்பிட்ட ஏடுகள் எவை, அவை யாரிடமிருந்து கிடைத்தன என்ற குறிப்பு இருக்கும். அப்பாடத்தின் முகவுரையில், எந்தத் திரைவாசிப்பானில், எந்தக் குரலில் கேட்கப்பட்டது, எந்தெந்தச் சொற்கள் பிழையாக ஒலித்தன, அவை எவ்வாறு திருத்தப்பட்டன, இன்னும் திருந்தாதவை எவை என்ற பட்டியல் இடம்பெற வேண்டும்.